சோழியின் பளபளப்பு யாருடையது?

ஓம் சரவணபவ!

போன மாசம் தாம்பரத்துல ரயில் ஏறி, அம்மாவோட திருச்செந்தூர் போயிருந்தேன். தரிசனம் முடிஞ்சு வரும்போது ஒரு கடையில சோழி கண்ணுல பட்டது. மேலெல்லாம் புள்ளி, கண்ணாடி மாதிரி பளபளப்பு. பூஜை அலமாரியில வேலுக்குப் பக்கத்துல வைக்கலாம்னு வாங்கிட்டேன். அம்மா கடற்கரையில ஒண்ணு பொறுக்கினாங்க. அது வெளுத்துப்போய், சொரசொரன்னு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாங்க: "ரெண்டும் கடல்ல பிறந்ததுதானே? இது மட்டும் ஏன்டா இப்படி மின்னுது?"

பதில் தெரியாம தேடிப் படிச்சேன். சோழி என்பது ஒரு கடல் நத்தையின் ஓடு. இந்த நத்தை தன் மெல்லிய சதைப் போர்வையை ரெண்டு பக்கமும் வெளியே நீட்டி, ஓட்டையே மூடிக்கொள்ளும். அந்தப் போர்வைதான் அடுக்கடுக்காகப் பூச்சு பூசுகிறது. நிறமும் புள்ளியும் அதன் கைவண்ணமே. உயிர் போய்க் கரை ஒதுங்கிய ஓட்டை அலையும் மணலும் வெயிலும் தேய்த்து மங்கடித்துவிடும். அப்படின்னா, கடையில மின்னுகிற சோழி பெரும்பாலும் உயிரோடு பிடிக்கப்பட்டது!

எனக்குச் சுருக்குன்னுச்சு. கருணைக்கடல்னு அவனைக் கும்பிட்டுட்டு, ஒரு உயிரைப் பறிச்ச அழகையா அவன் வேலுக்குப் பக்கத்துல வச்சேன்?

இன்னொண்ணும் தோணுச்சு. மாலத்தீவுச் சோழி வங்காளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை காசாகப் புழங்கியது. மனுஷன் கொடுத்த மதிப்பு, மனுஷனாலேயே போச்சு. நம்ம சம்பளமும் பதவியும் அப்படித்தான். அப்ரைசல்ல ரேட்டிங் குறைஞ்சா தூக்கம் போயிடுது எனக்கு. ஆனா சோழிக்கு அழகு கொடுத்தது விலை இல்லை, அதைப் போர்த்தியிருந்த உயிர். நம்மிடம் ஏதாவது மின்னுதுன்னா, அதுவும் நம்மைப் போர்த்தியிருக்கிற கந்தன் கருணைதான். "நான்"னு மார்தட்ட அதுல என்ன இருக்கு?

இப்போ எங்க வீட்டு வேலுக்குப் பக்கத்துல இருக்கிறது அம்மா பொறுக்கின வெளுத்த சோழி. பளபளப்பானது என் லேப்டாப் பக்கத்துல இருக்கு, மறக்காம இருக்க.

அடுத்த முறை செந்தூர் போனா, மின்னுகிற சோழியைக் கண்ணால ரசிச்சுட்டு வந்துடுங்க. வாங்க ஆள் இல்லைன்னா பிடிக்கவும் ஆள் இருக்காது. வாயில்லா ஜீவனுக்கும் அவன்தானே துணை!

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏