வெயில் ஏறட்டும்

ஃபுளோரிடாவின் இந்தியன் ரிவர் காயலில், மார்ச் தொடக்கத்துக் குளிர்ந்த விடியலில் தூண்டிலோடு இறங்குபவர் பெரும்பாலும் நடுங்கியதுதான் மிச்சம். மீன் ஆழமான பள்ளங்களில் ஒதுங்கிக் கிடக்கும்.

கறுத்த சேற்றுத் தரை வெயிலை உறிஞ்சும். மதியம் தாண்டினால் முழங்காலளவுத் தண்ணீர் வெதுவெதுப்பாகிறது. இறாலும் நண்டும் அசைய, பின்னாலேயே 'ரெட்ஃபிஷ்' வருகிறது. நம்மூர்க் கத்தாழை மீனின் குடும்பம்தான். அது தலைகுப்புறச் சேற்றைக் கிளறும்போது, கரும்புள்ளி பதித்த வால் நீருக்கு மேலே ஆடும். தூண்டில்காரரின் கண் தேடுவது அதைத்தான்.

1980களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருடோம் பிரபலமாக்கிய மசாலா வறுவலுக்காக இந்த மீன் கண்டபடி அள்ளப்பட்டது. நாக்கு செய்த வேலை! 2022இல் இந்தக் காயலில், பிடித்த ரெட்ஃபிஷ்ஷை உயிரோடு திரும்ப விட்டாக வேண்டும் என்று விதி வந்தது.