கொஞ்சம் மாத்திக்கலாமா?

நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டுத் தாம்பரம் வருவதற்குள் எல்லாப் பெட்டியிலும் பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். "சார், நீங்க லோயரா?" என்று ஆரம்பிப்பார்கள். ஆமாம் என்று நாம் தலையாட்டி முடிப்பதற்குள், "அம்மாவுக்கு முட்டிவலி, மேல ஏற முடியாது. கொஞ்சம் மாத்திக்கலாமா?" என்று வந்துவிடும். குடும்பமாக வந்தவர்களிடம் யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு பையோடு தனியாக வந்தவர், பார்த்தால் அறுபது ஆகாதவர் என்றால் அவரைத் தேடித்தான் வருவார்கள். தனியாகப் போகிறவனுக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்று இருக்காது என்பது ரயிலில் எழுதாத தீர்மானம். நானும் பெரும்பாலும் தனியாகப் போகிறவன்தான். அதனால் இதைப் பற்றி யோசிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்திருக்கிறது, அநேகமாக அப்பர் பெர்த்தில் படுத்தபடி.

கேட்பவர்களைக் குறை சொல்லுமுன் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். பழைய ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள். அவற்றில் லோயர் 18, சைடு லோயர் 9. அந்த ஒன்பதிலும் பல நாள் ஆர்.ஏ.சி.காரர்கள் இரண்டிரண்டு பேராகக் காலை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள். மீதமுள்ள 45-ம் ஏறிப் படுக்க வேண்டியவை. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் லோயரில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில்தான் ஒரு சூட்சுமம். அந்த வயதுக்காரர்கள் தனியாகவோ, இருவர் மட்டுமாகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான் இந்த ஒதுக்கீடு. மகன், மருமகள், பேரன் எல்லாரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துப் போட்டால் பாட்டி அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். கம்ப்யூட்டர் அவருக்கு மிடிலோ அப்பரோ போட்டுவிட வாய்ப்புண்டு. எல்லாரும் ஒன்றாக இருக்கட்டும் என்ற பாசத்தில் செய்த காரியம். பாட்டிக்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்திருந்தால் ரயிலில் இத்தனை பேரிடம் பல்லைக் காட்ட வேண்டியிருந்திருக்காது. ஆனால் இது தெரிந்தவர்கள் குறைவு. தெரியாததற்காக ஒருவரைக் கோபிக்கவும் முடியாது.

சண்டை வந்தால் தீர்க்க விதி உண்டு. படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை என்று 2017-இல் ரயில்வே வாரியம் சொல்லிவிட்டது. ஒன்பது மணிக்கே மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டுகிறவரிடம் அதைக் காட்டலாம். வேண்டுகோளுக்கு அப்படி விதி கிடையாது. கேட்கிறவரின் பக்குவம், கேட்கப்படுகிறவரின் மனசு, அவ்வளவுதான் அங்கே சட்டம்.

சிலர் கேட்காமலே கேட்பார்கள். நம்பரைத் தேடிப் போனால் நம் இடத்தில் போர்வை விரித்திருக்கும், காற்றுத் தலையணை ஊதி வைத்திருக்கும், ஒரு அம்மா தூக்குவாளியைத் திறந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை எடுத்துக்கொண்டிருப்பார். நம்மைப் பார்த்ததும் பக்கத்திலிருக்கும் மகன், "மாத்திக்கலாம்ல சார்?" என்பார். எல்லாம் முடிந்த பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து மட்டும் பாக்கி என்பது போல. இப்போது மறுத்தால் சாப்பிடுகிற பெரியவளை எழுப்பிவிட்ட பாவம் நமக்குத்தான். இன்னும் சிலர் நம்மிடம் பேசுவதுபோல் பெட்டி முழுவதற்கும் பேசுவார்கள். "வயசானவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்" என்று குரல் உயரும். எதிரே இருக்கிற மாமாவும் சைடில் இருக்கிற அக்காவும் உடனே நீதிபதிகளாகிவிடுவார்கள். தங்கள் லோயரை விட்டு எழுந்திருக்காத நீதிபதிகள்.

அப்புறம் "பக்கத்துலதான் சார்" என்கிற ரகம். பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் பக்கம் என்பது ஆறு பெட்டி தள்ளி இருக்கும். படுக்கை எண் 72. ரயிலில் பழகியவர்களுக்கு இந்த எண்ணைச் சொன்னாலே போதும். கடைசி சைடு அப்பர், கழிவறையை ஒட்டி. ராத்திரி முழுக்கக் கதவு அடித்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் உயரமானவர் என்றால் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். இடம் மோசம் என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதுதான் உறுத்தும்.

அதே 72-ஐ வைத்துக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண் கேட்டதையும் பார்த்திருக்கிறேன். திண்டிவனம் தாண்டியிருக்கும். பாட்டியை வேறெங்கோ உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் வந்திருந்தாள். "அண்ணா, பாட்டிக்கு ஒரு லோயர் கிடைக்குமான்னு பாக்கறேன். எங்களுது எஸ் 5-ல 72, பாத்ரூம் பக்கம், நல்ல சீட் இல்ல. உங்களுக்கு முடியலன்னா பரவால்ல, இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேக்கப் போறேன்." அடங்கிய குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி. குறையை முதலில் சொன்னாள். பாட்டியை எதிரில் கொண்டுவந்து நிறுத்தவில்லை. எல்லாவற்றையும்விட அந்தக் கடைசி வாக்கியம். இவன் மறுத்தால் கதி இல்லை என்ற பாரத்தை என் தலையில் வைக்காமல், நான் ஒருவன் இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும் என்று அவளே எனக்கு வழி விட்டாள். வழி விட்டதால்தானோ என்னவோ, எழுந்து போகத் தோன்றியது.

ரயிலில் இவ்வளவு கனக்கிற உதவி பஸ்ஸில் எப்படி இவ்வளவு லேசாகிறது? சென்னை மாநகரப் பேருந்தில் நெரிசல் நேரத்தில் கண்டக்டர் தன் இருக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. "ஒரு கிண்டி" என்று நோட்டு புறப்படும். முகம் தெரியாத ஐந்தாறு கைகளைக் கடந்து போய், டிக்கெட்டும் சில்லறையுமாக அதே கைகளின் வழியே திரும்பி வரும். யாரும் நன்றி சொல்வதில்லை, எதிர்பார்ப்பதும் இல்லை. உட்கார்ந்திருப்பவர் மடியில் நிற்பவரின் பை தானாக ஏறும். இன்று நீ, நாளை நான் என்று எல்லாருக்கும் தெரியும். எந்த நிறுத்தத்தில் முடியும் என்பதும் தெரியும். லோயர் பெர்த் கொடுத்தவனுக்கு அந்த முறை திரும்பி வருமா என்பது சந்தேகம்தான்.

வங்கியில் பேனா கேட்பதும் இந்த லேசான வகை. அனுபவசாலிகள் மூடியைக் கழற்றித் தங்கள் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டுவார்கள். வாங்குகிறவரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதே வரிசையில் ஒரு பெரியவர், "தம்பி, இந்தச் சலானைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்று பாஸ்புக்கை விரித்து நீட்டும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. கணக்கு எண், மிச்சமிருக்கும் பணம், மாதா மாதம் யார் அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வேறு வழியில்லாமல் முன்பின் தெரியாதவனிடம் தன் வீட்டைத் திறந்து காட்டுகிறார். இங்கே மரியாதை தெரிந்திருக்க வேண்டியது எழுதித் தருகிறவனுக்கு. முதல் பக்கத்தில் எண்ணைப் பார்த்து எழுதினோமா, புத்தகத்தை மூடிக் கொடுத்தோமா என்றிருக்க வேண்டும். "எவ்வளவு எடுக்கணும் ஐயா?" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். உதவி செய்கிற தோரணையில் அவர்களுக்குக் குரல் கூடிவிடுகிறது.

சில உதவிகள் இந்தப் பத்து வருடத்தில் நிறம் மாறிவிட்டன. "ஒரு கால் பண்ணிக்கறேன், போன் குடுங்க" என்பதற்கு முன்பெல்லாம் யாரும் யோசித்ததில்லை. இப்போது அந்தப் போனுக்குள்தான் வங்கியும் ஓ.டி.பி.யும் இருக்கின்றன. போனை வாங்கி ஸ்டார் 401 போட்டு அழைப்புகளைத் தன் எண்ணுக்குத் திருப்பிவிடும் மோசடி பெருகியதால், 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வசதியையே நிறுத்தச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. நிஜமாகவே பேட்டரி தீர்ந்து நிற்கிறவரையும் இனி சந்தேகத்தோடுதான் பார்ப்போம். விவரம் தெரிந்தவர்கள் இப்போது போனைக் கேட்பதில்லை. "நம்பர் சொல்றேன், நீங்களே போட்டு ஸ்பீக்கர்ல வைங்க" என்கிறார்கள். எதிராளியின் பயத்தை அவர் வாயால் சொல்ல வைக்காமல் தாமே முந்திக்கொள்வது எத்தனை நாகரிகம்!

திருச்சி விமான நிலையத்தில் துபாய் வரிசையில் நிற்கிறவரிடம், "எங்க மச்சானுக்கு மசாலா சாமான், ரெண்டு கிலோதான், அங்க வந்து வாங்கிக்குவான்" என்று பொட்டலத்தை நீட்டுபவரும் இப்படி முந்திக்கொள்ள வேண்டியவர்தான். அதில் கசகசா இருக்கலாம். நம் வீட்டில் குருமாவுக்கு அரைப்பது ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். கொடுத்தவருக்கே தெரிந்திருக்காது, மாட்டுவது சுமந்து போனவர். பொட்டலத்தைத் தாமே பிரித்துக் காட்டிவிட்டுக் கேட்க வேண்டும். பிரித்துக் காட்டினாலும் மறுப்பதுதான் சரி என்பேன். முகம் கோணினால் கோணட்டும்.

மறுப்பதில் நமக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. சும்மா மறுக்க வராது, காரணம் வேண்டும். இல்லாத முதுகுவலி, நடக்காத ஆபரேஷன், அடுத்த ஸ்டேஷனில் ஏறப்போகிற கற்பனை நண்பர். பொய்யைச் சொல்லிவிட்டு விடியும்வரை முதுகைப் பிடித்துக்கொண்டு நடிக்க வேண்டியிருக்கும். கேட்டவர் எதிர் சீட்டிலேயே இருப்பாரே.

ஒருமுறை என் எதிரே இருந்த ஐம்பது வயதுப் பெண்மணி பொய்யே இல்லாமல் மறுத்தார். "இல்லம்மா, கீழதான் வேணும்னு பாத்து எடுத்தேன். டிடிஆர் வரட்டும், கேட்டுப் பாக்கலாம்" என்றார். கேட்டது ஒரு மருமகள், மாமியாருக்காக. டிடிஆர் வந்ததும் அந்தப் பெண்மணியே பேசினார். மேலே இடம் கிடைத்த முதியவர்களுக்குக் காலியாகும் லோயரைத் தர டிடிஆருக்கு அதிகாரம் உண்டு. அவரும் கையிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்து, எஸ் 7-இல் ஒன்று இருப்பதாகவும் பாட்டியை அங்கே அனுப்பலாம் என்றும் சொன்னார்.

"அவ்வளவு தூரம் தனியாவா? வேணாம் சார்" என்றார் மருமகள், ஒரு நொடிகூட யோசிக்காமல். சரி என்று டிடிஆர் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். மருமகளின் மறுப்புக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.