ஏணிப்படியும் குலசேகரன் படியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பிரம்மோத்ஸவ நாட்களில் எம்பெருமான் எழுந்தருளும் வாகனங்களை வரிசையாக ஸேவித்தவர்களுக்கு ஓர் உண்மை தானே புலப்படும். ஒரு நாள் ஆதிசேஷன் மேல் எழுந்தருளுகிறான். ஒரு நாள் அன்னத்தின் மேல். பின்னர் சிம்மம், கருடன், அநுமன், யானை, குதிரை என்று வரிசை தொடர்கிறது. சில திருத்தலங்களில் கற்பக விருட்சத்தின் கீழும் காட்சி தருகிறான். ஊர்வன, பறப்பன, நடப்பன, நிற்பன என்று உலகம் பிரித்து வைத்த உயிர்வகைகள் அனைத்தும் அவனைத் தாங்கும் பேறு பெற்றிருக்கின்றன. கருடன் பறவையாயிற்றே, அநுமன் குரங்காயிற்றே என்று எந்த அடியாரும் கைகூப்பத் தயங்குவதில்லை. வீதியில் தயங்காத அதே மனம், வீடு திரும்பியதும் சக மனிதனைப் பார்த்து, “இவன் மேலா, கீழா?” என்று அளக்கத் தொடங்குகிறது. இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது, எம்பெருமான் சந்நிதியில் அதற்கு இடம் உண்டா என்பது திருவிழாக் காலத்தில் சிந்திக்கத்தக்கது.

உயிர்களைப் படிகளாக அடுக்கிப் பார்ப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் அறிவின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களை ஆறு வகையாக்கினார். தொடுவுணர்வு ஒன்றே உடையவை புல்லும் மரமும். சுவையும் அறிபவை நத்தை, சிப்பி முதலியவை. முகர்வையும் பெற்றவை கறையானும் எறும்பும். கண்ணும் பெற்றவை நண்டும் தும்பியும். செவியும் பெற்றவை விலங்குகள். மனம் என்னும் ஆறாவது அறிவைப் பெற்றவர் மக்கள். எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்த நெட்டுக்குப்பத்தில் நிற்பவருக்கு இந்த ஆறு படிகளையும் நூலில் தேட வேண்டுவதில்லை. சேற்றில் நிற்கும் அலையாத்தி மரம், அங்கே ஒட்டிக்கிடக்கும் சிப்பி, கரையில் ஊரும் எறும்பு, வளைக்குள் ஓடி ஒளியும் நண்டு, நீர்மேல் மிதக்கும் கூழைக்கடா, வலை வீசும் மனிதர் என எல்லாம் ஒரே பார்வைக்குள் அடங்கும்.

கிரேக்க தேசத்திலும் இத்தகைய எண்ணம் எழுந்தது. அரிஸ்டாட்டில் (கி.மு. 384 – 322) தாவரத்துக்கு வளரும் ஆற்றலையும், விலங்குக்கு உணரும் ஆற்றலையும், மனிதனுக்குப் பகுத்தறியும் ஆற்றலையும் கூறிப் படிவரிசை வகுத்தார். இடைக்கால ஐரோப்பியர் அதனைக் கடவுள், தேவதூதர், மனிதர், விலங்கு, தாவரம், கல் என்று இறங்கும் அறுபடாத சங்கிலியாக்கினர். அரசன் மேலே, உழவன் கீழே என்பதும் அச்சங்கிலியின் கண்ணிகளாயிற்று. 1799ஆம் ஆண்டு மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் ஒயிட் மனித இனங்களையே படிகளாக அடுக்கி, ஐரோப்பியரை உச்சியிலும் ஆப்பிரிக்கரைக் கீழேயும் வைத்து நூல் எழுதினார். புலன்களை எண்ணத் தொடங்கிய கணக்கு, மனிதனை மனிதன் தாழ்த்தும் கணக்காக முடிந்தது. பாரத நாட்டிலும் பிறப்பைக் கொண்டு கோயில் வாசலும் குளத்து நீரும் மறுக்கப்பட்ட காலம் இருந்தது. 1859இல் டார்வின் தம் நூலை வெளியிட்ட பின், உயிர்களின் உறவைக் காட்டப் பொருந்துவது ஏணி அன்று, கிளை விட்டுப் படரும் மரமே என்ற கருத்து அறிவியலில் வேரூன்றியது.

ஸ்ரீவைஷ்ணவ ஸித்தாந்தமும் தேவர், மனிதர், திர்யக்காகிய விலங்கும் பறவையும், ஸ்தாவரம் என்னும் நான்கு வகையைக் கூறுகிறது. ஆயினும் எம்பெருமானார் (1017 – 1137) காட்டிய நெறியில் இந்த வேற்றுமை உடலைப் பற்றியதே, ஆத்மாவைப் பற்றியதன்று. ஞானமே வடிவான ஆத்ம ஸ்வரூபம் பிரமனுக்கும் எறும்புக்கும் ஒரே தன்மையது. ஒரே சீராக எரியும் விளக்குகளில் ஒன்றைக் குடத்துக்குள்ளும் மற்றொன்றை மாடத்திலும் வைத்தால் வெளிச்சம் குறைந்தும் மிகுந்தும் தோன்றும். குறை குடத்தினுடையது, சுடரினுடையது அன்று. எல்லா உயிர்களும் எம்பெருமானுக்கே உடல், அவனுக்கே உரியவை என்று தெளிந்தவர், அவன் திருமேனியில் எந்தப் பகுதியை இழிந்தது என்று சொல்ல இயலும்?

“உடல் வினையால் வந்தது என்றால், தாழ்ந்த நிலையில் உள்ளவன் தன் வினையைத்தானே அநுபவிக்கிறான்?” என்று கேட்பார் உண்டு. வினையைக் கணக்கிடுவது ஸர்வேச்வரனின் காரியம். அந்தக் கணக்கேட்டை மனிதன் கையில் யாரும் ஒப்படைக்கவில்லை. கணக்குக்கு உரியவனே அதைப் பாராமல் அருளிய வரலாறுகளைப் பூர்வாசாரியர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டினர்.

காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழிக்குச் சென்ற அன்பர்கள் ஜடாயுவின் சரிதத்தை நினைவுகூர்வர். பிராட்டியைக் காக்கப் போரிட்டுச் சிறகிழந்து வீழ்ந்த கழுகுக்குச் சக்கரவர்த்தித் திருமகன் தந்தைக்கு மகன் செய்யும் கடனைத் தன் கையாலேயே செய்தான். இந்தப் பறவையின் ஈமக்கடன் பல நூற்றாண்டுகள் கழித்துத் திருவரங்கத்தில் ஒரு மனிதருக்குத் துணையாக வந்து நின்றது. ஆளவந்தாரின் சீடரான மாறனேரி நம்பி, உலகம் தாழ்ந்தது என்று கூறிய குலத்தில் தோன்றியவர். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது அந்தணரான பெரிய நம்பி அவருக்குச் செய்ய வேண்டிய இறுதிக் கடன்களைத் தாமே செய்தார். ஊரில் சலசலப்பு எழுந்தது. எம்பெருமானாரே தம் ஆசாரியரை அணுகி இதைப் பற்றிக் கேட்டார். பெரிய நம்பி சாஸ்திர வாதத்தை நீட்டவில்லை. தாம் ஸ்ரீராமனைக் காட்டிலும் உயர்ந்தவரோ என்றும், மாறனேரி நம்பி அந்தப் பறவையைக் காட்டிலும் தாழ்ந்தவரோ என்றும் வினவினார். அடியாரின் பெருமையை நம்மாழ்வார் அருளிய பதிகங்கள் வெறும் கடல் இரைச்சலாகிவிடுமோ என்றும் அவர் கேட்டதாகப் பெரியோர் கூறுவர். பிற்காலத்தில் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில், அடியாரின் பிறப்பை ஆராய்வது கொடிய அபசாரம் என்று அறுதியிட்டார்.

கம்பர் காட்டும் குகன் சரிதம் கடற்கரை வாழ் அன்பர்களுக்கு மிகவும் நெருங்கியது. கங்கைக்கரை ஓடக்காரன் கொண்டு வந்த காணிக்கை தேனும் மீனும். சுற்றி நின்றவர்களோ முனிவர்கள். எம்பெருமான் முகம் சுளிக்கவில்லை. புன்முறுவல் பூத்து, அன்பினால் கொண்டு வந்தது அமுதத்தினும் சிறந்தது என்றும், தான் அதை உண்டதற்கு ஒப்பாகும் என்றும் அருளினான். நால்வராய்ப் பிறந்த உடன்பிறப்பு, வேடன் வந்து சேர ஐந்தாயிற்று. வானரம் சேர ஆறாயிற்று. அரக்கன் சேர ஏழாயிற்று. மேலும் கீழுமாக நிறுத்தி வைத்த ஏணியைப் பெருமாள் தரையில் கிடத்திவிட்டான். படிகளாக இருந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சகோதரர்களானார்கள்.

அப்படியாயின் ஆறாவது அறிவால் மனிதனுக்குச் சிறப்பே இல்லையா எனில், உண்டு. அது காக்கும் கடமையாகிய சிறப்பு. ஸ்ரீமத் பாகவதத்தில் திராவிட தேசத்து அரசன் ஸத்யவிரதன் கிருதமாலை நதியில் நீரை அள்ளியபோது கைக்குள் ஒரு சிறு மீன் வந்தது. பெரிய மீன்களிடமிருந்து தன்னைக் காக்க வேண்டும் என்று அது இறைஞ்சியது. அரசன் அதனைக் கமண்டலத்தில் ஏந்திச் சென்று காத்தான். கைக்குள் அடங்கிய அந்த மீனே, பிரளயத்தில் அவனை ஓடத்தில் ஏற்றிக் காத்த பரம்பொருள். மேல்படியில் நிற்பவன் கீழ்ப்படியைக் காக்க, கீழ்ப்படியே அவனைக் கரைசேர்த்தது.

இந்தச் சரிதத்தின் பொருளை எண்ணூர்க் கழி இக்காலத்தில் கண்ணெதிரே காட்டியது. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழியிலும் எண்ணெய் பரவியது. அலையாத்தி வேர் கறுத்தது. கூழைக்கடாவின் சிறகு கறுத்தது. நெட்டுக்குப்பம் முதலான குப்பங்களின் படகும் வலையும் கறுத்தன. அலையாத்தி வேர்களின் அணைப்பில்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. ஓரறிவு உயிர் வாடினால் ஆறறிவு உடையவனின் உலை கொதிக்காது. கீழ்ப்படியை வெட்டியவன் மேல்படியில் நிலைத்து நிற்பதில்லை.

திருவிழாவுக்கு வந்த அன்பர்கள் கர்ப்பக்கிருஹத்தின் எதிரே நிற்கும்போது, உள்ளே செல்லும் வாசற்படியைச் சற்று நோக்குக. அதற்குக் குலசேகரன் படி என்று பெயர். சேர நாட்டு அரசராகிய குலசேகராழ்வார் மனிதப் படியின் உச்சியில் நின்றவர். அவர் திருவேங்கடத்தில் வேண்டிய பிறவிகளோ நாரை, சுனை மீன், செண்பக மரம், புதர் என்று ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அதன் பின் மலைச்சிகரம், காட்டாறு, அடியார் நடக்கும் வழி என்று உயிரற்றவற்றையும் வேண்டினார். இறுதியில் அடியவரும் தேவரும் மிதித்துச் செல்லும் கல்லாய்க் கிடந்து எம்பெருமானின் பவள வாயைக் காண விழைந்தார். உலகத்தின் ஏணியில் அதற்குக் கீழே வேறு படி இல்லை. எம்பெருமான் திருமுகத்துக்கு அதனினும் அணுக்கமான படியும் இல்லை.

அந்தப் படியைத் தொழுது திரும்பும் அன்பர், வாசலில் நிற்கும் எவரையும் படி பார்த்து அளவாதிருப்பாராக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.