உரிமைக்கா, நமக்கா?

2010-இல் வெளிவந்த ‘மவுண்ட் அண்ட் பிளேடு: வார்பேண்ட்’ என்னும் கணினி விளையாட்டில், சுவாடியா நாட்டு அரியணை தனக்கே உரியது என்கிறாள் இசோல்லா. அவள் மறைந்த மன்னனின் மகள். அரசாள்பவனோ உறவினன் ஹார்லவுஸ்.

அவள் பக்கம் நின்று பிரபுக்களை ஒவ்வொருவராய் இணங்கச் செய்கிறோம். ஒருவரிடம் மரபுரிமை என்கிறோம். மற்றவரிடம் எளியோர் நலம் என்கிறோம். வேறொருவருக்கு நிலம் தருவதாக வாக்களிக்கிறோம். இவற்றுள் நம் உள்ளத்தில் இருந்தது எது?

போர் நீதியானதாக, முறையான அதிகாரமும் நியாயமான காரணமும் மட்டும் போதா. நேரிய எண்ணமும் வேண்டும் என்றார் புனித தோமா அக்குவினா. இசோல்லாவின் உரிமை மெய்யாயிருக்கலாம். ஆயினும் அவள் கொடியின்கீழ் நாம் தேடியது நமக்கொரு கோட்டையே எனில், நீதியின் பெயரால் நமக்காகவே போரிட்டோம். விளையாட்டில் எவரும் மெய்யாக மாய்வதில்லை. அங்கே பழகும் எண்ணமோ மெய்யானது.