தேங்காய்க் கணக்கும் பள்ளிக் கணக்கும்

பிரேஸில் தேசத்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ரெசிஃபி நகரத்தில், தெருமுனையிலும் சந்தையிலும் நின்று வியாபாரம் பார்த்த ஐந்து பிள்ளைகளிடம், தெரெஸின்யா காராஹெர் முதலிய மூன்று ஆராய்ச்சியாளர்கள் சரக்கு வாங்க வந்தவர்களைப் போலப் பேச்சுக் கொடுத்துக் கணக்குக் கேட்டார்கள். 1985-இல் வெளியான அந்த ஆராய்ச்சியைப் படித்தது முதல், எந்தக் குழந்தையையும் மந்தபுத்தி என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் பன்னிரண்டு வயதுப் பையன். தேங்காய் ஒன்று 35 குரூசேரோ. நான்கு என்ன விலை என்றார்கள். மூன்று காய்க்கு 105 என்பது அவன் வாயில் தயாராக இருந்த கணக்கு. அதனோடு முதலில் முப்பதையும் பிறகு ஐந்தையும் சேர்த்து, 140 என்று சொல்லிவிட்டான். அதே பையனிடம் பின்னொரு சமயம் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து 35-ஐ நான்கால் பெருக்கச் சொன்னபோது, ஐந்நான்கு இருபதில் மிஞ்சிய இரண்டை மூன்றோடு முன்னதாகவே கூட்டிக்கொண்டு, அதன் பிறகு நான்கால் பெருக்கி, 200 என்று எழுதிவைத்தான். சந்தையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகள் சரியாக இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு, வெறும் எண்களாகக் கேட்ட கணக்குகளில் முப்பத்தேழுக்கு மேல் தேறவில்லை. நான்கு காய்க்கு 200 என்று கடையில் நின்று சொல்ல அவனுக்கு மனம் வந்திராது. காகிதத்திலோ அந்த எண்ணைத் தடுத்து நிறுத்தத் தேங்காயும் இல்லை, வாங்குபவரும் இல்லை.

அப்படியானால் சந்தைக் கணக்கே போதுமா என்றால், போதாது. தொகை பெருகப் பெருக இப்படிக் கூட்டிக்கொண்டு போவது எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடும், அதற்கப்பால் செல்ல எழுத்துக் கணக்கு அவசியம். ஆனால் 105-உடன் ஒரு 35 சேர்வதுதான் நான்கால் பெருக்குவது என்று காட்டுவதற்கு, அந்த 105 அவனிடம் இருப்பது உபாத்தியாயருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! அப்படித் தெரிந்துகொள்வதை விட்டு, மாணவரின் சம்பிரதாயங்களைக் கௌரவிப்பதாக எண்ணி, வருஷத்தில் ஒரு நாள் அவரவர் உடையில் மேடையேற்றிவிட்டு, அவர்களுடைய அன்றாட ஜீவனத்தைப் பற்றி ஒன்றுமே விசாரியாத வித்தியாசாலைகளைக் காணும்போது மனம் வருந்துகிறது.

அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்து டூஸான் நகரில் வேறு விதமாக நடந்தது. லூயிஸ் மோலும் அவருடைய சகாக்களும் 1992-இல் எழுதியபடி, அங்கே உபாத்தியாயர்கள் மெக்ஸிகோ வம்சாவளியினரான மாணவர்களின் வீடுகளுக்குப் புகார் சொல்லப் போகாமல், கற்றுக்கொள்ளப் போனார்கள். பயிர்த்தொழில், கால்நடை, கட்டட வேலை, பச்சிலை வைத்தியம் என்று பள்ளி அறியாத ஞானம் அவ்வீடுகளில் நிரம்பியிருந்ததைக் கண்டார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மிட்டாயை ஒரு மாணவன் விற்பதை அறிந்த உபாத்தியாயினி அதையே பாடமாக்கிக்கொண்டாள். ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினாள். பிள்ளைகள் இரு தேசத்து மிட்டாய்களிலும் சேரும் பொருள்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள்.

ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவருக்கு வீடு வீடாகச் செல்ல அவகாசம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆகையால் பாடம் நடத்தும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடும் அதிகாரிகள், மாணவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் நேரத்தையும் அவ்வாறே கணக்கிட்டு, அதற்கு வேண்டிய ஓய்வை வேறு காரியங்களிலிருந்து உபாத்தியாயர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.