சாய்ந்த சுவர்

எவரும் தள்ளாத சுவரொன்று சாய்ந்து, வழியிற் செல்லும் ஒருவர்மீது விழுந்து அவர் உயிரைப் போக்கிவிடுகிறது. பொறுப்பாளி யார்? அதைக் கட்டியவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. இன்றைய உடைமையாளரோ அவ்வேளையில் வேறோர் ஊரில் உறங்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் செய்யாதவரைக் குற்றவாளி என்று எவ்வாறு கூறுவது?

காரைக்குடியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. நகரத்தார் பெருமக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுக் காலம், பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளால் எழுப்பிய மாளிகைகள் நம் கண்முன் நிற்கின்றன. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவிற் புகுந்தது. 1948இல் அந்நாட்டு அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வருவாய் போயிற்று, வீடு நின்றது. 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றதில் நமக்கும் பெருமையே. ஆயினும் பட்டியல் ஓடு மாற்றித் தருவதில்லை.

இவ்வீடுகள் ஒரு நாளில் விழுவன அல்ல. முதலில் ஓர் ஓடு விலகும். ஐப்பசி கார்த்திகை மழை அவ்வழியே இறங்கிச் செங்கலை ஊறவைக்கும். பறவை எச்சத்தில் வந்த அரச விதை வெடிப்பில் முளைத்து வேர்விடும். ஒருநாட் கூலியில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பத்தாண்டுகளில் இலட்சங்களாகி நிற்கும். அப்போது செலவை ஏற்பவர் யார்? பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாகச் சிதறிக் கிடப்பர். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்திருப்பர். இதைச் சொல்லும்போது நம் தெருக்களையும் மறந்துவிடலாகாது. மூன்று தலைமுறையாகப் பாகம் பிரிக்கப்படாமல், எல்லாருக்கும் உரியதாகி எவரும் கவனியாமற் கிடக்கும் வீடுகள் நம்மிடையேயும் உண்டு.

அரசின் சட்டம் இதை அறியாமல் இல்லை. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், 2023இல் அதன் இடத்திற்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், ஆபத்தான கட்டடத்தைச் செப்பனிடவோ இடிக்கவோ உடைமையாளருக்கு அறிவிப்பு அனுப்பும் அதிகாரத்தை உள்ளாட்சிக்கு வழங்கியுள்ளன. காரைக்குடி 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது. கடமையும் அதனுடன் உயர்ந்திருக்க வேண்டும்.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபிக்ஹு நூலான ‘ஹிதாயா’, சாய்ந்த சுவருக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. அதை ஆக்கிய இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் மறைந்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. வெறும் ஒப்புநோக்கின்படி உடைமையாளர் பொறுப்பாளியாகார். கட்டியது தம் மண்ணில், சாய்ந்ததோ தம் செயலால் அன்று. ஆனால் ‘இடித்துவிடும்’ என்று அவரிடம் கேட்டு அதற்குச் சாட்சியும் வைத்தபின், இடிக்க இயலும் காலம் கடந்தும் வாளாவிருந்தால் அவரே ஈடு கொடுக்க வேண்டும். காற்றடித்து ஒருவர் மடியில் வந்து விழுந்த பிறர் துணியைப் போன்றது இது. விழுந்தது அவர் குற்றமன்று. உரியவர் கேட்டபின்னும் கொடாதிருப்பதே குற்றம்.

இதனினும் நுட்பமானவை இதன் கிளைகள். சுவர் பொதுவழியை நோக்கிச் சாய்ந்திருந்தால், வழியிற் போவோர் எவரும் கேட்கலாம். ஆணென்றும் பெண்ணென்றும், முஸ்லிம் என்றும் அல்லாதார் என்றும் வேறுபாடில்லை. கேட்பது இடிக்கும் அதிகாரமுடையவரிடமாக இருக்க வேண்டும். குடியிருப்பவரிடம் சொன்னது செல்லாது. (பூட்டிய மாளிகையின் காவற்காரரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஆறுதல் கொள்வோர் இதைக் கருதுக.) ஐவருக்குரிய சுவரில் ஒருவருக்கு மட்டுமே அறிவித்திருந்தால், தியத் என்னும் உயிரீட்டுத் தொகையில் ஐந்திலொரு பங்கு அவர்மீது சாரும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு, அவர்தம் மாணாக்கர் இருவரும் பாதி என்றனர். ‘நான் ஒரு பங்காளிதானே’ என்று கைகழுவும் வழியை இரு தரப்பாருமே திறந்துவிடவில்லை.

என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்த கிளை வேறொன்று. அறிவித்தவரோ காழியோ இரங்கித் தவணை கொடுத்தால்? அண்டைவீட்டை நோக்கிச் சாய்ந்த சுவராயின் அவ்வீட்டார் தவணை தரலாம். அது அவருடைய உரிமை. பொதுவழியை நோக்கியதாயின் காழி கொடுத்த தவணையும் செல்லாது. ஏழை விதவையின் வீடு என்று அதிகாரி ஒருவர் கோப்பை மூடிவைக்கிறார் என்று கொள்வோம். நல்ல மனம்தான். எனினும் அவர் ஈந்தது தம் பொருளையன்று, அவ்வழியே பள்ளி செல்லும் குழந்தைகளின் உயிர்க்காப்பை. இரக்கமுடையார் அவ்வம்மைக்கு முட்டுக்கொடுக்க நான்கு கட்டைகளும் கொத்தனார் கூலியும் தந்திருக்கலாம்.

ஷாபிஈ மத்ஹபில் நிலை வேறு. நேராகக் கட்டிய சுவர் பின்னர் சாய்ந்து விழுந்தால் ஈடில்லை என்பதே இமாம் நவவீ (ரஹ்) தேர்ந்த கூற்று. செப்பனிட இயன்றிருந்தால் ஈடு உண்டு என்ற கூற்றையும் அவர் குறிக்கத் தவறவில்லை. ஈடில்லை என்பதால் மனச்சான்றின் கணக்கும் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள என்னால் இயலவில்லை.

2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், தனியார் ஒருவரின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து ஓட்டு வீடுகள்மீது விழுந்தது. உறங்கிய நிலையில் 17 பேர் மாண்டனர். அச்சுவரைப் பற்றி முன்னரே முறையிட்டிருந்ததாக அம்மக்கள் கூறினர். அவர்கள் கேட்டிருந்தார்கள்.

நான் கேட்டேனா? சில ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகள் மக்தபுக்கு வரும் சந்தில் ஒரு பழைய சுவர் வயிறு தள்ளி நின்றது. நாள்தோறும் கண்டேன், பிள்ளைகளை எதிர்ப்புறம் ஒதுங்கி வரச் சொன்னதோடு சரி. ஒரு மழையிரவில் அது விழுந்தது. எவருக்கும் ஊறில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன், அத்துடன் மறந்தும் போனேன். பின்னொரு நாள் ‘ஹிதாயா’வின் அப்பகுதியை நடத்துகையில், ‘வழியிற் போவோர் எவரும் கேட்கலாம்’ என்ற இடத்தில் மாணவர் ஒருவர் தலைநிமிர்ந்து, “ஹஜ்ரத், அந்தச் சந்துச் சுவரைப் பற்றி நீங்கள் அவர்களிடம் சொன்னீர்களா?” என்றார். பாடத்தை அன்று அத்துடன் நிறுத்தினேன்.

அதே சந்தில் இன்னொரு சுவர் இருந்தது. உரியவர் ஐவரின் முகவரிகளையும் விசாரித்துப் பதிவுத் தபாலில் எழுதினேன். நகராட்சிக்கும் ஒரு படி. இரண்டு கடிதங்கள் திரும்பி வந்தன. இருவரிடமிருந்து மறுமொழி இல்லை. ஐந்தாமவர், ‘என் பங்கு ஐந்திலொன்றுதான், ஆயினும் ஆள் அனுப்புகிறேன்’ என்று எழுதி, மறுவாரமே கொத்தனாரை அனுப்பினார்.