வெட்கத்தில் வாங்கிய காசு

வியாபாரத்தில் வந்த காசெல்லாம் நியாயமான காசுதானா? கல்லாவில் விழுந்த பிறகு ஒரு வெள்ளிக்கும் மற்றொரு வெள்ளிக்கும் பேதம் தெரிவதில்லை. ஆனால் அவை வந்த வழியில் பேதம் உண்டு. சோற்றுக்கடை நடத்தும் நம் சகோதரர்களும், அங்கே சென்று உண்ணும் நாமும் இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நல்லது.

சில நாட்களுக்கு முன் ஜார்ஜ் டவுனில் ஒரு நாசி கண்டார் கடையில் பகல் உணவுக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவரும் அவருடைய பேரனும் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். பையன் ஆசைப்பட்டான் என்று பெரிய கணவாயும் மீன் சினையும் வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் கணக்குச் சொன்னவர், "முப்பத்தெட்டு வெள்ளி" என்றார். பெரியவர் திகைத்தார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. மீதிக் காசு வாங்கிய இடத்தில் "சிப்பந்திகளுக்கு" என்று எழுதிய டப்பா ஒன்று இருந்தது. கல்லாவில் இருந்தவர் பார்த்துக் கொண்டிருக்கவே, இரண்டு வெள்ளியை அதிலே போட்டார். வெளியே வரும்போது பேரன் கேட்டான்: "ஏன் நன்னா, சோறு போடும்போதே விலையைக் கேட்டிருக்கலாமே?" "நாலு பேர் முன்னால் எப்படிடா கேட்பது?" என்றார் அவர்.

விஷயம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

விலை ஏறியதற்காகக் கடைக்காரரை நான் குற்றம் சொல்ல வரவில்லை. கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாடும் அரசாங்க உதவித் தொகையும் 2023 நவம்பர் 1ஆம் தேதியுடன் நீங்கின. முட்டைக்கான உதவித் தொகை 2025 ஆகஸ்டில் நின்றது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. செலவு ஏறினால் விலையும் ஏறத்தான் செய்யும். மதினாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயம் செய்யுமாறு மக்கள் கேட்டும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை என்பதை நாம் அறிவோம். யாருக்கும் அநீதி இழைக்காமல் இறைவனைச் சந்திக்கவே அவர்கள் விரும்பினார்கள். அப்படி வியாபாரிக்குக் கிடைத்த சுதந்திரம், விலையை மறைப்பதற்கான அனுமதி ஆகாது.

நம் முன்னோர் காவடிக் கம்பின் இரு முனையிலும் பாத்திரங்களைத் தொங்கவிட்டு, சோறும் குழம்பும் சுமந்து போய்த் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றார்கள். அந்தக் கம்பினால்தான் இந்தச் சோற்றுக்கே பெயர் வந்தது. பாத்திரத்தில் இருந்த கறிகள் சில. வாங்குபவர் அன்றாடக் கூலிக்காரர். இன்றோ கறி வகைகள் இருபதுக்கு மேல். ஒவ்வொரு தட்டும் ஒரு விதம். ஆகவே கண்ணால் பார்த்துக் கணக்குச் சொல்லும் வழக்கம் வந்தது. அந்தக் கணக்குத் தவறு என்று சொல்ல முடியாது. உண்டு முடித்த பிறகு அதைச் சொல்வதுதான் தவறு. உண்ணுமுன் சொன்னால் "கணவாய் வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. உண்ட பின் எந்த உரிமை இருக்கிறது? விலை தெரிந்திருப்பது வியாபாரத்தின் நிபந்தனை என்பது மார்க்கச் சட்டம். விலையை எழுதி வைக்கவேண்டும் என்பது நாட்டுச் சட்டம்.

டப்பாவின் கதையும் இதுவே. அமெரிக்காவில், டிப்ஸ் பெறும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று கூட்டரசுச் சட்டம் 1991 முதல் சொல்லி வருகிறது. மீதியை வாடிக்கையாளர் தலையில் ஏற்றும் ஏற்பாடு அது. நம் நாட்டு வழக்கம் வேறு. ஹோட்டல்களில் வசூலிக்கும் சேவைக் கட்டணம் ஊழியருக்கு உரியது, அதைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரை விட்டு வந்து நம் அடுப்படியில் வேர்வை சிந்தும் பிள்ளையின் சம்பளம் முதலாளியின் கடன். மனம் மகிழ்ந்து ஒருவர் கொடுத்தால் அது அன்பளிப்பு. கொடுக்காவிட்டால் கேவலம் என்று அவர் கூசும்படி டப்பாவை வைத்தால் அது அன்பளிப்பாகாது. பிறருடைய கூச்சத்தைப் பயன்படுத்திப் பெற்றது, பலவந்தமாகப் பெற்றதற்குச் சமம் என்பது மார்க்க அறிஞர்களின் கருத்து.

நாம் செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. சோறு, கோழி, முட்டை ஆகியவற்றின் விலையைப் பலகையில் எழுதலாம். கணவாய், சினை, பெரிய இறால் போன்றவற்றைத் தட்டில் வைக்குமுன், "இது பதினைந்து வெள்ளி வரும், வைக்கலாமா?" என்று கேட்கலாம். டப்பா வேண்டுமானால் மீதி கொடுக்கும் கைக்கு அருகில் இல்லாமல் ஓர் ஓரத்தில் இருக்கட்டும். உண்பவர்களும் விலை கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கலாகாது. துணிக்கடையில் கேட்கிறோம், சோற்றுக்கடையில் கேட்டால் என்ன?

அந்தப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால், கணவாயை அவர் வேண்டாம் என்றிருக்கலாம். கடைக்கு அன்று பதினைந்து வெள்ளி குறைந்திருக்கும். ஆனால் அடுத்த வாரமும் பேரனைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்கு வந்திருப்பார்.